கடுகு போடாத சிலாகிலேஸ்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போவதற்குத்தான் நாளாகும். லூப்பே மேல் வந்த கோபம் போக இருபது வருஷம் ஆனது. அது போய்விட்டது என்று எனக்கே தெரிந்தபோது லூப்பே இல்லை.

போன வருஷம் மெக்ஸிகோவில் அவள் இறந்துபோன செய்தியை அவள் மகள் கமீலா இமெயிலில் எழுதியிருந்தாள். இப்போது அந்தக் கமீலா ஆறு மாதப் படிப்புக்காகச் சிட்னி வந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. வந்த வாரமே எனக்கு எழுதினாள்: “அம்மா கையால் சிலாகிலேஸ் சாப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு அது செய்யத் தெரியும் என்று அம்மா சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாமா?”

தாராளமாக வா என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை.

சிலாகிலேஸ் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முந்தைய நாள் மிஞ்சிய டோர்ட்டியாவை, அதாவது மக்காச்சோள ரொட்டியை, துண்டுதுண்டாக வெட்டி மொறுமொறுவென்று பொரிக்க வேண்டும். பச்சைத் தக்காளி மாதிரி இருக்கும் ஒரு காயை மிளகாயோடு வேகவைத்து அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பொரித்த துண்டுகளை அதில் புரட்டி, மேலே வெங்காயமும் சீஸும் தூவினால் காலைச் சாப்பாடு தயார். இதில் எனக்கு ஆபத்தான இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காய்ந்த எண்ணெய். எண்ணெய் காய்ந்துவிட்டால் என் கை என்னைக் கேட்காமல் கடுகு டப்பாவுக்குப் போய்விடும்.

இரண்டாயிரத்து ஒன்றில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மாடி ஃப்ளாட்டில் மூன்று பேர் இருந்தோம். திருச்சியிலிருந்து வந்த நர்ஸ் நான். யாழ்ப்பாணத்துப் பவளராணி ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை செய்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், எனக்குப் பவளக்கா. மூன்றாவது ஆள் லூப்பே. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, தற்காலிக விசா, வீடு முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலாகிலேஸ் செய்யும்போது அவளுக்குப் போன் வந்தது. எண்ணெயைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேன். கடுகு போட்டேன், அது வெடித்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டேன். திரும்பி வந்தவள் ஸ்பானிஷில் ஐந்து நிமிஷம் கத்தினாள். எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் அதன்மேலேயே சால்சாவை, அந்த அரைத்த காய் விழுதை, ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டு, “இது சிலாகிலேஸ் இல்லை” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இதே கூத்துதான். என் கை கடுகுக்குப் போகும், அவள் கத்துவாள், பவளக்கா தீர்ப்புச் சொல்வார்: “ரெண்டு பேரும் சண்டை பிடியாதேங்கோ. இது எங்கட கொத்துரொட்டியின்ர தங்கச்சி.” அந்தச் சின்னச் சமையலறையில் நின்றுகொண்டே, ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுவோம். இந்த நாட்டில் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, சொந்த வீடு வந்தது, ஒரு பையனும் வளர்ந்து மெல்பர்னுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆனாலும் வீடு என்று நினைத்தால் இன்றைக்கும் அந்தச் சமையலறைதான் முதலில் வருகிறது.

விசா முடிந்து ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, லூப்பே சர்ச்சில் பழகிய ஐந்தாறு மெக்ஸிகோக்காரர்களை ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அவளுடைய மனிதர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காலிங்பெல் அடித்தது. அவள் கதவைத் திறக்கப் போனாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என் கை தன் வேலையைச் செய்தது.

மேசையில் ஒரு பெண்மணி கறிவேப்பிலையை முள்கரண்டியால் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். லூப்பேயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: “இந்த வீட்டில் எல்லாவற்றிலும் இவர்கள் விதையைப் போட்டுவிடுவார்கள். மூன்று வருஷமாக என் சாப்பாட்டை நான் சாப்பிட்டதே இல்லை.”

நான் ஜூஸ் ஊற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டவள்தானே இவள்? இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கிளம்பும் நாளில் வேண்டுமென்றே டியூட்டி மாற்றிக்கொண்டேன். ஏர்போர்ட்டுக்குப் பவளக்கா மட்டும் போனார். பிறகு கிறிஸ்துமஸுக்கு அவள் வாழ்த்து அனுப்புவாள், உனக்கும் என்று நான் பதில் அனுப்புவேன். அந்த ஞாயிறைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

வயது ஏற ஏறத்தான் புரிந்தது. ஊரைவிட்டு வந்தவளுக்கு அந்த ஒரு தட்டுதான் ஊர். அதில் நான் கை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவள் மகளுக்காவது அந்தச் சாப்பாட்டை அதன் முறைப்படி, என் கை படாத மாதிரி செய்துபோட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே பவளக்கா வந்துவிட்டார். அடுப்புப் பக்கம் கண்ணை ஓட்டினார்.

“எங்கயப்பா உம்மட அஞ்சறைப்பெட்டி? குசினி வெறிச்செண்டு கிடக்கு.”

“பரண் மேல ஏத்திட்டேன் பவளக்கா. கை தெரியாம போயிடக்கூடாதுன்னு.”

ஃபேர்ஃபீல்டில் லத்தீன் அமெரிக்க மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய் மக்காச்சோள டோர்ட்டியாவும், டப்பாவில் அடைத்த அந்தப் பச்சைக் காயும், அவர்களுடைய வெள்ளைச் சீஸும் வாங்கி வந்திருந்தேன். பவளக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“லூப்பே சூப்பர்மார்க்கெட் கோதுமை ரொட்டியிலதானே செய்தவ. அப்ப அது ஒரிஜினல் இல்லையோ?”

“அது வேற வழியில்லாம செஞ்சது.”

“எல்லாச் சாப்பாடும் வழியில்லாமச் செய்ததுதான். மிஞ்சின ரொட்டியைப் பொரிச்சதே வழியில்லாமத்தான். பேந்தென்ன ஒரிஜினல்?”

“பவளக்கா, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. அவ என்ன சொன்னான்னு நீங்களும்தானே கேட்டீங்க.”

அவர் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

கமீலா பத்து மணிக்கு வந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் பல்வரிசை. வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். அவளை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தேன். எண்ணெய் காய்ந்தது. வலது கை ஒருமுறை கிளம்பியது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டேன். சால்சாவை ஊற்றினேன், துண்டுகளைப் புரட்டினேன், சீஸைத் தூவினேன். ஒரு கடுகு இல்லை, ஒரு இலை இல்லை. லூப்பே பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

கமீலா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு முள்கரண்டியால் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“பிடிக்கலையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நன்றாக இருக்கிறது. எங்கள் ஊர் ஹோட்டலில் சாப்பிடுவதுபோலவே இருக்கிறது.” தயங்கினாள். “அந்தக் கறுப்பு விதை போட மாட்டீர்களா?”

நான் பவளக்காவைப் பார்த்தேன். பவளக்கா வெங்காயத் தட்டைக் கீழே வைத்தார்.

“அம்மா ஞாயிற்றுக்கிழமை எண்ணெயில் அதைப் போடுவார். படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன்,” என்றாள் கமீலா. “மாமாக்கள் எல்லாரும் கேலி செய்வார்கள், இது நம் சிலாகிலேஸ் இல்லை என்பார்கள். அம்மா விடமாட்டார். இது சிட்னி வீட்டுச் சிலாகிலேஸ், இஷ்டமில்லாதவன் சாப்பிடாதே என்பார்.”

“வேற என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“அங்கே என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள், ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அவளை விட்டுக்கொடுத்துப் பேசிவிட்டேன், அவள் வழியனுப்ப வரவில்லை என்பார். நீங்கள் கோபக்காரி என்றும் சொல்வார். ஒரு இலையும் போட வேண்டும், அது மெக்ஸிகோவில் கிடைக்கவில்லை, அதனால் இது முழுசாக இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. பவளக்கா என் முதுகில் கை வைத்தார்.

“அவ அங்க இருந்து கடுகு போட்டுக்கொண்டிருந்தவ. நீர் இங்க அதைப் பரணில ஏத்திப்போட்டு நிக்கிறீர். ரெண்டு பேருக்கும் ஒரு போன் எடுக்க ஏலாமப் போச்சே, வைதேகி.”

கமீலா எழுந்து தந்த ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அஞ்சறைப்பெட்டியை இறக்கினேன். பவளக்கா பால்கனித் தொட்டியிலிருந்து இரண்டு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்து வந்தார். வாணலியில் புதிதாக எண்ணெய் விட்டு, காய்ந்ததும் கடுகைப் போட்டேன். வெடித்தது. கமீலா கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை அப்படியே நின்றாள்.

பிறகு இலையைப் போட்டு, மிச்சமிருந்த சால்சாவை ஊற்றி, துண்டுகளைப் புரட்டினேன். மேசைக்குப் போகவில்லை. மூன்று பேரும் நின்றுகொண்டே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். கமீலா ஒரு கறிவேப்பிலையை விரலால் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“அம்மா தேடிய இலை இதுதானா?” என்று கேட்டாள்.

இதுதான் என்றேன். அவள் சட்டியை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்து, இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.