மாடித் துளசிகளும் அக்காவின் மூக்கும்

அன்று மழை பெய்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெய்தது என்கிறார் அத்தான். என் நினைவில் மாடியெல்லாம் வெயில். அக்கா போட்ட கத்தலை மட்டும் நான் மாற்றி நினைக்க வழியில்லை.

அக்கா சோப்புக் கம்பெனியில் வாசனை கலப்பவள். ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மாதக் கடைசிக்குள் அது திரும்பாவிட்டால் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். பழகிய வாசனைகளைத் தினமும் முகரச் சொன்னார் டாக்டர். அக்கா மாடியில் வளர்த்ததெல்லாம் துளசி வகைகள்தான். சாதாரணத் துளசியைவிடக் கருந்துளசியில் காரம் அதிகம். திருநீற்றுப்பச்சிலையில் சோம்பு கலந்த இனிப்பு. ஒன்றில் எலுமிச்சை, இன்னொன்றில் கற்பூரம். இந்த வித்தியாசமெல்லாம் அவள் எங்களுக்குச் சொல்லித் தந்தது. இப்போது நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

காலையில் நான் அவள் கண்ணைத் துண்டால் கட்டுவேன். அத்தான் இலையைக் கசக்கி நீட்டுவார். "ஒண்ணும் இல்ல" என்பாள்.

அன்று அத்தான் நீட்டியது கருந்துளசி.

அக்கா நிமிர்ந்தாள். "இருங்க, இருங்க... எலுமிச்சை!"

அத்தான் முகம் தொங்கிப்போனது. "இல்லம்மா. கருந்துளசி."

"சும்மா சொல்லாதீங்க."

"கையில வச்சிருக்கிறவன் நான்டி!"

"விடுக்கா, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

அவள் விடவில்லை. அத்தான் கையை இழுத்து ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். கட்டைவிரலில் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி எதைத் தொட்டீங்க?"

"எலுமிச்சைத் துளசி பூ விட்டிருந்துச்சு. நுனியைக் கிள்ளி விட்டேன்."

"கை கழுவினீங்களா?"

"இல்லையே..."

"கை கழுவாத மனுஷா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

அந்தக் கத்தலில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர் எட்டிப் பார்த்தார். நானும் அந்த விரலைப் பிடித்து முகர்ந்தேன். எலுமிச்சையேதான்! "ஏய்... ஏய்..." என்று நானும் கத்தினேன்.

"இனிமே ஜென்மத்துக்கும் கை கழுவ மாட்டேன்" என்று குதித்தார் அத்தான்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியாவது கழுவுங்க" என்றாள் அக்கா, அழுதுகொண்டே.

மாதக் கடைசியில் மேலாளர் வைத்த சோதனையில் அக்கா தட்டுத்தடுமாறித் தேறினாள். இன்றும் கலக்கும் மேசையில்தான் இருக்கிறாள். மேலாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அத்தான் ஓய்வு பெற்றுச் செடிகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேலை கிடைத்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். கற்பூரத் துளசி அந்த வருஷமே பட்டுப்போனது.