கரிமருந்து குழுவின் டிரம்ஸ்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செழியன் சென்னையில் டிரம்ஸ் அடித்தான், சத்தம் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் கேட்டது. சரியாகச் சொன்னால், அங்கே பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருந்த சினேகாவிடமிருந்து கேட்டது. அவள் கை வேலையில்தான் இருந்தது, வாயும் மூடியிருந்தது. ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தாளம் துளி பிசகாமல் வந்தது. அறையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் ஏதோ சடங்கு வீடு என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அவளைப் பார்த்தார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பூட்டிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் ஷெட்டில் 'கரிமருந்து' என்ற இசைக்குழுவைத் தொடங்கிய நான்கு பேரில் சினேகாவும் ஒருத்தி. குழுவுக்குப் பெயர் வைத்தது அவள். போனில் வீடியோ பார்த்து, காலி அட்டைப்பெட்டிகளில் அடித்துப் பழகி, மூன்று தீபாவளி போனஸைப் போட்டுப் பழைய டிரம்ஸ் செட் வாங்கியதும் அவள்தான். சினிமாப் பாட்டு பாடமாட்டோம், எங்களுக்குள் சாதி கிடையாது, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்று மேடைக்கு மேடை முழங்கிய பாடகன் தருண்குமார், சென்னையிலிருந்து முதல் அழைப்பு வந்ததும் அவளிடம் வந்து நின்றான்.

"ஒரே ஒரு ரூமுதான் குடுக்காக. ஒன்ன எங்கன தங்க வைக்க? ஊரு என்ன பேசும்?"

"நான் அடிக்கத்தானலே வாரேன். தூங்கவா வாரேன்?"

அவன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். குழுவில் எல்லாமே பொது என்று சொல்லி டிரம்ஸை வேனில் ஏற்றினான், அவளை ஏற்றவில்லை. அவள் போட்ட தாளங்களை நால்வரில் ஒருவனான செழியன் அவளிடமே கேட்டுப் படித்துக்கொண்டு போனான். போஸ்டர் சிவகாசியில் அச்சானது. பழைய படம்தான், அவள் நின்ற இடத்தில் ஒரு மின்னலை வைத்து மறைத்திருந்தார்கள். மெஷின் ஓட்டியவர் அவளுடைய தாய்மாமன். அவருக்கே தெரியவில்லை.

போர்மேன் வேலுச்சாமி நல்ல மனிதர். "ஏத்தா, மருந்து ரூமுல இப்படி அதிர்ந்தா நாலு பேரு உசுரு போயிரும். அவனுக ஆட்டத்த நிப்பாட்டுத வரைக்கும் வராத" என்றார். நியாயமான பேச்சுதான். அவர்கள் நிறுத்தவில்லை, வேலை போயிற்று. சீசனில் ஊரே வேன் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஆவணி, புரட்டாசியில் அவள் வீட்டில் உட்கார்ந்து அதிர்ந்துகொண்டிருந்தாள். அம்மா அய்யம்மாள் அடுக்கில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டாள்.

ஊமை டிரம்ஸோடு நான்கு மேடைகளில் அசிங்கப்பட்ட பிறகு தருண்குமார் திரும்பி வந்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் பகல் நிகழ்ச்சி. அவள் மேடை ஏற வேண்டாம், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும்.

"எம் பேரச் சொல்லுவியா?"

"சொல்லாம இருப்பமா?"

அதை நம்பித்தான் அவள் போனாள். பெட்டிகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செழியன் அடித்தான், சத்தம் பிரமாதமாக வந்தது. மூன்றாம் பாட்டு முடிந்ததும் தருண்குமார் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினான். வேன் டிரைவர் பெயரைக்கூடச் சொன்னான். கைதட்டல் ஓய்ந்து நான்காம் பாட்டு தொடங்கியது. சினேகா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். சத்தமும் கூடவே போயிற்று.

கூட்டம் முதலில் திருதிருவென்று விழித்தது. பிறகு ஒரு பேராசிரியர் எழுந்து நின்று கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். செழியன் உற்சாகமாகி இன்னும் வேகமாக அடித்தான். ஒடுக்கப்பட்டவர்களின் மௌனத்தை இவ்வளவு வலிமையாக யாரும் வாசித்ததில்லை என்று மறுநாள் ஓர் இணைய இதழ் எழுதியது.

அன்று சிவகாசி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது தாளம் உச்சத்தில் இருந்தது. கண்டக்டர் வந்து நின்றார்.

"இம்புட்டுப் பெரிய சாமான ஏத்திட்டு லக்கேஜ் எடுக்காம வாரீகளே?"

"சாமான் எங்கண்ணே இருக்கு? சத்தந்தான்."

"அது ஒங்ககிட்ட இருந்துதான வருது? அப்ப ஒங்களோடதுதான். செக்கிங் ஏறுனா நாந்தான் ஜவாப் சொல்லணும். பேரச் சொல்லுங்க."

"சினேகா."

லக்கேஜ் சீட்டின் பின்பக்கத்தில் 'டிரம்ஸ் ஒரு செட், சினேகா' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஐந்து வருஷத்தில் அந்த இரண்டையும் ஒரே காகிதத்தில் யாரும் எழுதியதில்லை. திருமங்கலத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. ஏறியவர்கள் அவள் காலருகே டிரம்ஸுக்கு இடம் விட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.