கடலைத் தண்ணீரில் ஒரு கிண்ணம் கிரீம்

தையல்காரிக்கு அன்று ஒரே ஓர் ஆசைதான். எட்டாவது பிறந்தநாள் கொண்டாடும் மகள், சாயங்காலம் வருகிற தோழிகளோடு ஒரே கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை. போன வருஷம் யாரோ "துளிதானே" என்று ஊட்டிவிட்ட கிரீமில் உதடு வீங்கி, மூச்சு முட்டி, பிறந்தநாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தது.

அதனால்தான் வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ கிரீம், ரொட்டியில் தொட்டுத் தின்னும் இனிப்பு நுரை. கடையில் வாங்குவதில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். இது கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். சுண்டவிட்டு, ஆறவிட்டு, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பீட்டர் மிஷினால் அடித்துக்கொண்டே பொடித்த சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பொறுத்திருக்க வேண்டும்.

பொறுமைக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். கணவனின் அக்கா, பேக்கரியில் இருபது வருஷம் கேக் போட்டவள். உதவிக்கு வந்தவள் ஒரு பையோடு வந்திருந்தாள்.

"கடலைத் தண்ணி கிரீமா நிக்குமா? யாருக்குக் காது குத்துற?"

வாசல் மணி அடித்தது. ஓடிக்கொண்டிருந்த மிஷினை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனாள் தையல்காரி. சட்டை வாங்க வந்த ஆள், பட்டன் சரியில்லை என்று பத்து நிமிஷம் இழுத்துவிட்டார். திரும்பி வந்தால் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து நிற்கிறது கிரீம். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. மகள் விரலை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இரு, ரொட்டி எடுத்துட்டு வரேன்."

ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் சின்னக் கிண்ணம் ஒன்று, தட்டுப் போட்டு மூடியிருந்தது. உள்ளே இரண்டு மஞ்சள் கரு. அண்ணி எதையும் வீணாக்க மாட்டாள்.

"குட்டி, தொடாதே!"

போட்ட சத்தத்தில் மகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ரெண்டே ரெண்டு வெள்ளைக்கரு," என்றாள் அண்ணி. "நல்லா நிக்கட்டுமேன்னுதான் போட்டேன். நான் அவளுக்குக் கெட்டது நினைப்பேனா?"

"நல்லதுதான் நினைச்சீங்க அண்ணி. போன வருஷம் ஊட்டினவங்களும் நல்லதுதான் நினைச்சாங்க. டாக்டர்கிட்ட போய் அதைச் சொல்றதா?"

கிரீம் முழுவதும் குப்பைக்குப் போனது. அண்ணி அடித்த மிஷினை இனித் தொடுவதாக இல்லை. பாட்டிலில் மீதிக் கடலைத் தண்ணீர் இருந்தது. வேறு கிண்ணம், புதுச் சர்க்கரைப் பாக்கெட், கையால் அடிக்கும் கம்பி. அடித்தாள். என்ன திமிர்! பெற்றவள் தொண்டை வறளச் சொன்னாலும் இவர்களுக்குத் தங்கள் கைப்பக்குவம்தான் பெரிது. தோள்பட்டை கழன்று விழும்போல வலித்தது. கோபம் விடவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். கிரீம் அசையவில்லை.

அண்ணி பார்த்தாள். மிஷினைக் கழுவ எடுத்துப் போனாள்.

தோழிகள் வந்தார்கள். ஆளுக்கொரு ஸ்பூன். மகளும் எடுத்தாள், வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"அத்தை, இதுல நீங்க எதுவும் போடலையே?"

அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"வாயால சொல்லுங்க அத்தை."

"போடலடா கண்ணு," என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகுதான் ஸ்பூன் வாய்க்குள் போனது.