படியில் கிடந்த மெஷின்

விடிவதற்குள் பன்னிரண்டு பலகை இழைத்தாகிவிட்டது. தம்பி இழைப்பு மெஷினின் வாயில் பலகையைக் கொடுப்பான். அக்கா மறுபக்கம் நின்று ஏந்திக்கொள்வாள். மெஷின் போடும் கூச்சலில் பேச்சுக்கு இடமில்லை. எல்லாம் கண்ஜாடைதான். முதுகு விண்ணென்று தெறிக்கும். மரத்தூள் அவள் இமையிலும் அவன் மீசையிலும் அப்பிக் கிடக்கும்.

"பாருக்கா, இப்பவே நரைச்சுப்போச்சு. இனிமே எனக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்றான், மெஷினை நிறுத்தியதும்.

"மூஞ்சியக் கழுவிட்டு வா. அப்புறம் யோசிக்கலாம்."

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே அவள்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சந்து முழுக்க அவளுக்கு அக்கா என்றே பேராகிவிட்டது.

சந்தில் எட்டு வீடு. எட்டிலும் பின்னறைதான் பட்டறை. மெஷின் கம்பெனியுடையது, வீடும் உடம்பும் இவர்களுடையது. இப்போது ஊருக்கு வெளியே கம்பெனி பெரிய ஷெட் போட்டிருந்தது. எட்டு மெஷினும் அங்கே போக வேண்டும். "மெஷினை லாரியில ஏத்துறது உங்க பொறுப்பு. ஏறாத மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்குவேன்" என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை லாரி வந்தது. பின்னாலேயே முதலாளியின் காரும் வந்தது. சந்து முனையில் இருப்பதால் முதலில் அக்காவின் வீடு. குழாய்களை அடியில் கொடுத்து, வீட்டுக்கு ஒருவராக எட்டுப் பேரும் மெஷினைப் பின்னறையிலிருந்து வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலுக்கு வெளியே மூன்று படி. அங்கே தம்பி கையைத் தூக்கி நிறுத்தினான்.

"முதலாளி, இது எழுநூறு கிலோ. கனமெல்லாம் தலையில இருக்கு. மோட்டாரையும் மேல்பாகத்தையும் கழட்டணும். கனம் தூக்குற செயின் பிளாக் ஒண்ணு வரவழைங்க. மத்தியானத்துக்குள்ள பூ மாதிரி இறக்கித் தர்றேன்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு லாரி கிளம்பணும். எட்டு ஆம்பளைங்க நிக்கிறீங்க, மூணு படி இறக்க முடியாதா?"

"இறக்குறது பெருசில்லீங்க. சாய்ஞ்சா பிடிக்க முடியாது. எட்டு இல்ல, எண்பது பேர் வந்தாலும் முடியாது."

"முடியாதுன்னா சொல்லிடு. முடியும்னு சொல்ற ஆள் எங்கிட்ட இருக்கு."

தம்பி கடப்பாரையைக் கீழே வைத்தான். "முடியாதுங்க."

பக்கத்து வீட்டு நெட்டை குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிர்வீட்டுக் கடைசல்காரர் தரையைப் பார்த்தார். அக்கா நெருங்கி வந்தாள். இந்த வேலையும் போனால் அடுப்பில் எதை வைப்பது? அவன் முழங்கையைத் தொட்டாள்.

"வம்பு வேணாம்டா. மெதுவாப் பாத்து இறக்கிடு. இந்த ஒரு தடவை."

தம்பி அவளைப் பார்த்தான். குனிந்து கடப்பாரையை எடுத்தான்.

லாரியில் வந்த இரண்டு பலகைகளைப் படிமேல் சாய்த்தார்கள். மெஷினைக் கயிற்றால் கட்டி, ஆறு பேர் உள்ளே நின்று இழுத்துப் பிடித்தார்கள். நெட்டை ஒருபக்கம், தம்பியும் அதே பக்கம், ஆப்பு வைக்க. முதல் படி இறங்கியது. இரண்டாம் படியில் தம்பி ஆப்பை அடித்துவிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான் பலகை முறிந்தது. நெட்டையைத் தோளால் முட்டித் தெருவில் தள்ளினான். தான் விலக அவனுக்கு நேரமில்லை.

மாடு படுப்பதைப்போல மெஷின் நிதானமாகச் சாய்ந்தது. அந்த நிதானத்தைத்தான் அக்காவால் பிறகு மறக்க முடியவில்லை.

கடப்பாரை போட்டு ஒரு சாண் நெம்பி அவனை வெளியே இழுத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் மடியில்தான் தலை இருந்தது. "வலிக்குதுக்கா" என்றான் ஒரே ஒரு தடவை.

அவனை எரித்து எட்டு நாள் போயிற்று. மெஷினை யாரும் தொடக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அது படியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் அக்கா அதை ஒட்டி ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். சேலை அதில் உரசும். அவள் அழவில்லை. அழுதால் பாவம் கரைந்துவிடுமோ என்று பயந்தவளைப்போல இருந்தாள்.

ஒன்பதாம் நாள் முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இதுல கையெழுத்துப் போடும்மா. போட்டா புது ஷெட்டுல உனக்குப் பெருக்குற வேலையாவது தர்றேன்."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தொழிலாளியின் கவனக்குறைவால்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அவன் முடியாதுன்னான், முதலாளி. நான்தான் இறக்குடான்னேன். தப்பு என்னுது." படியைப் பார்த்தாள். "எம்புள்ளைய நானே படியில தள்ளிட்டேன்."

"அப்புறம் என்ன? நீயே சொல்றியே." பேனாவை நீட்டினார்.

"அக்கா, போடாதே." நெட்டை வாசலில் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு வந்தான். "அவன் முடியாதுன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். அவன் சொல்றது சரின்னு ஒரு வார்த்தை வரல எனக்கு. அவன் தள்ளிவிட்டதாலதான் இன்னிக்கு நிக்கிறேன்."

"நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்மா" என்றார் கடைசல்காரர். "ஏழு பேரும் அன்னிக்கு முடியாதுன்னிருந்தா, உன்னை அந்த வார்த்தை சொல்ல விட்டிருப்போமா?" பிறகு முதலாளியிடம் திரும்பினார். "செயின் பிளாக் வரணும். தெரிஞ்ச ஆள் வரணும். நடந்ததை நடந்தபடி எழுதணும். அதுவரைக்கும் எந்த வீட்டு மெஷினும் படி இறங்காது."

"அது என் மெஷின்யா!"

"மெஷின் உங்களுது. செத்தது எங்க ஆளு."

"வேற ஆளுங்க வந்து தூக்குவாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

"வரட்டும். அவங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்க. நடந்ததைச் சொல்லுவோம்."

காரைத் திருப்பச் சந்தில் இடமில்லை. முதலாளி ஏறியதும் அது பின்பக்கமாகவே வெளியே போனது. காகிதம் அக்காவின் கையிலேயே தங்கிவிட்டது.

"முதல்ல அக்கா நடக்க வழி பண்ணுவோம்" என்றான் நெட்டை. மத்தியானத்துக்குள் லாரி மெக்கானிக் ஷெட்டிலிருந்து ஒரு செயின் பிளாக்கும் அதைத் தொங்கவிட இரும்பு முக்காலியும் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தன. மோட்டாரைக் கழற்றினார்கள். மேல்பாகத்தைக் கழற்றினார்கள். தூக்கும் பெல்ட்டை மெஷினில் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். சங்கிலியை ஒருவர் மட்டும் இழுத்தார். மெஷின் நான்கு விரல் எழும்பியதும் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி நான்கு விரல். யாரும் அதன்கீழ் கால் வைக்கவில்லை. அதே இடத்தில் அது அதே நிதானத்தோடு எழுந்தது. இவ்வளவுதானா, இவ்வளவு போதுமா ஓர் உயிரைக் காப்பாற்ற என்று அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மெஷினை வாசலுக்குள் தள்ளி வைத்ததும் அடியில் முறிந்த பலகை தெரிந்தது. உள்ளே முழுக்க உளுத்துப்போயிருந்தது. அவன் அடித்த ஆப்பு மட்டும் படியில் இம்மி அசையாமல் இருந்தது. அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, எட்டு நாள் அழுகையையும் அழுதாள். நெட்டையின் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகப் படியைக் கழுவினார்கள்.

மறுநாள் சந்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. காகிதத்தின் பின்பக்கம் கடைசல்காரர் நடந்ததை எழுதினார்; அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள், அடுத்து ஏழு பேர். எட்டு வீடும் கிளம்பிக் கம்பெனி கேட்டுக்குப் போனது. முதலாளி இல்லை என்றார் காவல்காரர். வரும்வரை இருக்கிறோம் என்று தரையில் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. பக்கத்துச் சந்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து தயங்கி நின்றார்கள். அவர்கள் வீட்டு மெஷின்களை அடுத்த வாரம் ஏற்ற வேண்டும்.

"என்னம்மா நடந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் மறைக்கவில்லை. பாதியில் அழுகை முட்டியது, அழுதபடியே சொன்னாள். கேட்டைத் திறக்க யாரும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.