ஆலா முட்டைக்குக் காவல்

முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. சாவெத் அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே சளசளத்தது. இதுவும் கூழ்முட்டை.

மேகாங் ஆற்றின் நடுவில், கம்போடியக் கரைக்கும் லாவோஸ் கரைக்கும் இடையே கிடந்த மணல்திட்டு அது. கோடையில் தண்ணீர் வடிந்ததும் ஆலா என்னும் ஆற்றுப் பறவைகள் அங்கே மணலைக் குழித்து முட்டையிடும். முன்பு நாய் தின்றது, ஆட்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் சில குஞ்சுகள் பறந்தன. இரண்டு கரையும் சேர்ந்து காவல் போட்ட பிறகு திருட்டு நின்றது. குஞ்சு பொரிப்பதும் நின்றது. மூன்றாவது கோடை இது. இப்போதும் பொரிக்காவிட்டால் மிஞ்சியிருக்கும் ஜோடிகள் போய்விடும். போவதற்கு ஆற்றின் அந்தப் பகுதியில் வேறு திட்டும் இல்லை.

காவல் முறை சாவெத் சொன்னதுதான். காலையில் கம்போடியக் கரையிலிருந்து அவள், மதியத்துக்கு மேல் லாவோஸ் கரையிலிருந்து கம்சிங். உச்சி வேளையில் இருவரும் கூடு கூடாக நடந்து எண்ணிப் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். பிறகு மணலிலேயே குடை விரித்துச் சாப்பாடு. அவன் ஒட்டும் சோறு கொண்டுவருவான், அவள் சுட்ட மீன். சாப்பிட்டபடியே கம்சிங் பாடுவான். தலைக்குமேல் ஆலாக்கள் சுற்றிச் சுற்றிக் கத்தும்.

"உன் பாட்டைக் கேட்டுத்தான் கத்துதுங்க" என்பாள்.

அன்று கம்சிங்கின் படகு நடு ஆற்றில் நின்றுபோனது. சாவெத் திட்டைவிட்டுத் தன் படகில் கிளம்பினாள்.

"சிரிச்சது போதும்க்கா, கயிறைப் போடுங்க."

"அந்த இஞ்சினை ஆத்துல வீசிட்டு ரெண்டு எருமை வாங்குடான்னு எப்பவோ சொன்னேன்."

கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள், பழக்கத்தில் தொலைநோக்கியைத் திட்டின் பக்கம் திருப்பினாள். உச்சி வெயில். இந்த நேரத்தில் ஆள் இல்லாத திட்டை அவள் பார்த்ததே இல்லை.

ஓர் ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு எழுந்தது. சொட்டச் சொட்டக் கூட்டுக்குப் போய் முட்டைமேல் நின்றது. உட்காரவில்லை. சிறகைக் கொஞ்சம் விரித்து, தன் நிழல் முட்டையில் விழும்படி நின்றது. சற்று நேரத்தில் மறுபடி தண்ணீருக்குப் போய் வந்தது. அடுத்த கூட்டிலும் அதேதான்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"அடைகாக்குதுன்னா சூடு குடுக்குதுன்னுதானே நெனச்சோம்? சூடு ராத்திரிக்குத்தான்டா வேணும். இப்ப அது குடை பிடிக்குது. தண்ணி தெளிச்சு ஆத்துது."

கம்சிங் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான். அந்த மணலில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். தாய் எழுந்து பறந்தால், முட்டைக்குள் கரு அந்தச் சூட்டில் செத்துப்போக அவர்கள் சாப்பிடும் நேரமே போதும்.

"அப்போ நாம சோறு தின்னுட்டு இருந்தப்ப..."

"சொல்லாத."

அவன் வாய் மூடவில்லை. "நாமதான் குடையில உக்காந்திருந்தோம்."

சாவெத் அந்தக் கூழ்முட்டையை இன்னும் மடியில் வைத்திருந்தாள். "நாய் தின்னிருந்தா நாயையாவது திட்டலாம்" என்றாள். மூன்று கோடைகளும் அவர்கள் சிரித்துப் பேசிய மதியங்களாகவே அவள் நினைவில் இருந்தன. அவற்றை இனி எப்படி நினைப்பது என்று தெரியவில்லை. அவன் படகை இழுத்துக்கொண்டு, திட்டுப் பக்கம் போகாமல், நேராகக் கரைக்கு விட்டாள்.

அந்தப் பருவத்தில் கடைசியாக இட்ட முட்டைகளில் சில பொரித்தன. முறையில் மாற்றியது இவ்வளவுதான்: விடியும்போது, மணல் குளிர்ந்திருக்கையிலேயே, இரு கரையாரும் ஒரே படகில் போய் ஒரே தடவை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுவார்கள், வெயில் ஏறிய பிறகு யாரும் திட்டில் கால் வைப்பதில்லை, காவல் முழுக்க ஆற்றில் தள்ளி நிறுத்திய படகிலிருந்து, பொறுப்பு மாற்றுவதும் அங்கேயே, சாப்பாடு அவரவர் கரையில்.