முடி மட்டும் ஆடியது

பெண்கள் ஞாயிறன்று சித்தூர் தேவாலயத்தில் வேதாகமச் சங்கீதம் ஒன்றை வாசிக்கும் முறை லோயிஸுக்கு வந்திருந்தது. அவளுக்குத் திக்குவாய். சங்கீதத்தின் முதல் சொல்லே 'க'வில் தொடங்கியது. அந்த ஒலி வந்தாலே அவள் தொண்டை சாத்திக்கொள்ளும்.

"எங்கிட்ட குட்த்துடு லோயிசு, நான் படிச்சிட்றேன். ஒருத்தரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க," என்றாள் அண்ணி தபீதாள்.

சொல்லமாட்டார்கள்தான். இனி ஒருபோதும் அவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். சாயங்காலம் சொல்கிறேன் என்று தலையசைத்தாள் லோயிஸ்.

அன்று சனிக்கிழமை. அண்ணன் அசரியா ரேணிகுண்டாவிலிருந்து வாடகை வீடியோ டெக்கும் பெயர் எழுதாத கேசட் ஒன்றும் கொண்டுவந்தான். போட்டால் ஜப்பான் பொம்மைப்படம். பாஷை யாருக்கும் புரியவில்லை. பெரிய கண்களோடு ஒரு பெண் கடலோரப் பாறையில் நின்றாள். கப்பல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் போகிறவனை அவள் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"டேப்பு சிக்கிக்கினுச்சு," என்று எழுந்து டெக்கைத் தட்டினான் அசரியா.

"குந்துய்யா நீ. அவ முடி ஆடுது பாரு," என்றாள் தபீதாள்.

ஆடியது. முடி மட்டும். இப்படிப்பட்ட படங்களில் முகம் ஒரே ஒரு ஓவியம்தான். அதன்மேல் கண்ணாடி போன்ற தாளில் முடியை மட்டும் சில விதமாக வரைந்து, மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடிப்பார்கள். முழு உருவத்தையும் ஒவ்வொரு தரமும் வரைந்தால் கை ஓய்ந்துபோகும். அதனால் வேண்டிய ஒன்றை மட்டும் அசைத்துவிட்டு மற்றதைச் சும்மா விடுகிறார்கள். அந்தச் சும்மாவுக்குள் பார்ப்பவர் மனம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

லோயிஸின் மனமும் அந்தப் பாறைமேல் போய் நின்றது. உப்புக்காற்று முகத்தில் பட்டது போலிருந்தது. அந்தப் பெண் மூச்சை விட்டாள். பிறகு வாய் திறந்தாள். ஒரே சொல். கப்பலில் ஒருவன் திரும்பினான்.

லோயிஸ் பேச்சின் நடுவில் நிற்கப் பயந்தே சொல்லை முட்டித் தள்ளுகிறவள். தள்ளத் தள்ள அது இறுகும். நின்றால்தான் என்ன? மூச்சு மட்டும் அசையட்டுமே.

"நா... நானே படிக்கிறேன் அண்ணி."

மறுநாள் ஆலயத்தில் முதல் சொல்லிலேயே அடைத்தது. அவள் தள்ளவில்லை. வாயை மூடி, தலையைத் தாழ்த்தி, மூச்சை மெல்ல விட்டாள். முன்னே நிற்பவர் அப்படித் தலை தாழ்த்தினால் அந்தச் சபையில் அது மௌன ஜெபம். முன்வரிசையில் மூப்பர் ஏசுரத்தினம் கண்களை மூடினார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக முக்காடுகள் கவிழ்ந்தன. ஆலயம் முழுக்க ஒரு கண்கூட அவள்மேல் இல்லை. சன்னல் வெளிச்சத்தில் தூசு மிதந்தது. எங்கோ ஒரு குழந்தை விக்கியது. சொல் தானாக வெளியே வந்தது.

நடுவில் மறுபடியும் அடைத்தது. மறுபடியும் நின்றாள். மறுபடியும் எல்லோரும் ஜெபித்தார்கள். சங்கீதம் கடைசி வரிவரை போய்ச் சேர்ந்தது.

வாசலில் ஏசுரத்தினம் அவளை நிறுத்தினார். "இன்னாம்மா, நடுநடுவுல ஜெபம் வெச்சியே, மனசுக்கு எதமா இருந்துச்சு. அடுத்த பண்டிகைக்கும் நீயே படிச்சிடு."

தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லோயிஸ் வாய் திறந்தாள். அடைத்தது.

ஏசுரத்தினம் பக்தியோடு கண்களை மூடிக்கொண்டார்.