வெளியேறிய நேரம்

ஓய்வு பெற்ற அன்று மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அத்தானின் வருகை அட்டை கையில் சிக்கியது. இருபத்திரண்டு வருடத்துப் பழசு. உள்ளே வந்த நேரம் காலை ஆறு. வெளியேறிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

அத்தான் ஆலையின் தீயணைப்பு ஆள். அன்று இரண்டு மணிக்கு வேலை முடிந்து, அடுத்த ஷிப்ட் ஆளும் வந்துவிட்டார். அத்தான் அட்டையை இயந்திரத்தில் செருகப் போன நேரத்தில், சாயத்தொட்டி கழுவ இறங்கிய இருவர் விஷவாயுவில் விழுந்துவிட்டதாகக் கூச்சல். அட்டையைச் செருகாமலே கீழே போட்டுவிட்டு ஓடினார். முகமூடிகூட இல்லாமல் இறங்கி, இருவரையும் ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிக் கொண்டுவந்தார். அன்று பிடித்த இருமல் இன்றும் விடவில்லை.

உயிர் காத்தவர்களுக்கு நாடு தருகிற பதக்கத்துக்கு அவரைப் பரிந்துரைத்து எழுதியவன் நான். ஆலையில் கடிதம் எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. 'சம்பவத்தின்போது பணியில் இருந்தாரா' என்று படிவம் கேட்டது. பதிவில் உள்ளதை மட்டுமே எழுதுவது என் வழக்கம். வெளியேறிய நேரம் பதியாத அட்டையைப் பார்த்து 'ஆம்' என்று எழுதினேன். கடமையைச் செய்தவருக்கு இந்தப் பதக்கம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அக்கா வீட்டில், பதிலே வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அதற்குள் பதக்கத்தை மாட்ட முன்னறைச் சுவரில் ஆணி அடித்திருந்தாள். மாலை ஆனால் மூவரும் சீட்டாடுவோம். நடுவில் ஆணி கண்ணில் பட்டுவிடும். "எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் தடுத்துட்டான். அவன் கை விளங்காமப் போகட்டும்" என்பாள். நான் கையிலிருந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற அன்று அட்டையோடு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தேதிவாரியாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கை விளங்காதவன் நீதானா?"

"ஆமாக்கா."

"இத்தனை வருஷம் எதிர்ல உக்காந்து சீட்டு போட்டியேடா."

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வந்தன. "அப்போ நான் இன்னும் டூட்டியிலதான் இருக்கேன், மாப்ள. யாருமே வீட்டுக்குப் போகச் சொல்லலியே."

அக்கா சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய குடையை எடுத்து மூலையில் சாய்த்தாள். அவர் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். மாட்டவில்லை. காலிக் கட்டத்தைப் பெருவிரலால் தடவியபடி நின்றாள். மேசைமேல் சீட்டுக்கட்டு கிடந்தது. எடுத்துக் கலைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.